எந்தப் பந்தல் நல்ல பந்தல்

நகரியிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் சோறு போடுகிற பந்தல்களில் எந்தப் பந்தல் நல்ல பந்தல் என்கிற வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீரவில்லை. வருஷா வருஷம் புரட்டாசியில் நடக்கிறோம், வருஷா வருஷம் சண்டை போடுகிறோம். நாங்கள் விசைத்தறிக்காரர்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகி, கொஞ்சும்போதுகூட அடிக்கப் போகிற மாதிரிதான் எங்களுக்குப் பேச வரும். கூட நடப்பவர்கள் இந்தக் குடும்பம் மலையடிவாரத்து அலிபிரி போய்ச் சேருவதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சண்டைக்குக் காரணம், ஆளுக்கு ஒரு கணக்கு. என் கணவருக்குக் காபி. காபி இல்லாத பந்தலில் அமிர்தத்தையே ஊற்றினாலும் அவருக்கு அது பந்தல் இல்லை. கல்லூரியில் படிக்கிற என் மகளுக்குப் போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் வேண்டும். அம்மாவுக்குச் சுத்தமான பாத்ரூம். அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். எனக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர். சாமியானா கட்டி எத்தனை வகை சோறு போட்டாலும் முதுகுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. நைனாவுடைய கணக்குதான் விசித்திரம். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். எந்த இடத்திலிருந்து சுலபமாக எழுந்து கிளம்ப முடிகிறதோ அதுதான் அவருக்கு நல்ல பந்தல். பாய் விரித்து, ஃபேன் வைத்து, இரண்டாம் தடவை பாயசம் ஊற்றுகிற இடத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்.

"அங்க குந்தினா எழுந்திருக்க மனசே வராது. அது பந்தல் இல்ல, மாமியார் வூடு," என்பார். சொல்லிவிட்டு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். என் கணவர் காபியைக் குடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

நடைக்கென்று எங்கள் குடும்பத்தில் சில கட்டுகள் உண்டு. செருப்பு கூடாது. கட்டுச்சோறு கூடாது, வழியில் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும், கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளவும் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு, மஞ்சள் துணி கட்டியதிலிருந்து மலை ஏறி முடிக்கும்வரை யாரும் வலிக்கிறது, முடியவில்லை என்று வாய்விடக் கூடாது என்பது. வலித்தால் கோவிந்தா என்று சொல்ல வேண்டும். ரொம்ப வலித்தால் சத்தமாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையாக வந்த முதல் வருஷம், என் கணவர் புத்தூர் தாண்டுவதற்குள் போட்ட கோவிந்தாவில் முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து அவருடைய பக்தியை மெச்சினார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதனால் எங்கள் நடையில் யாரும் யாரையும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கோவிந்தாவைக் கேட்டே தெரிந்துகொள்வோம். அம்மாவுடையது மெதுவாக, பெருமூச்சோடு வரும். என் மகளுடையது கோபமாக வரும். நைனாவுடையது எப்போதும் ஒரே மாதிரி, தறி ஓடுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும்.

அவருக்கு ஒரே ஒரு வேண்டுதல். கல்யாணத்துக்கு முன்னால் எதற்காகவோ வேண்டிக்கொண்டதாம். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். நடக்க முடிகிற வரைக்கும் நடந்தே வருகிறேன் என்பதுதான் அது. பஸ்ஸிலோ காரிலோ அவர் மலைக்குப் போனதே இல்லை. நடந்தால் சாமி, இல்லாவிட்டால் இல்லை. அவருக்கு வருஷம் என்பதே புரட்டாசியிலிருந்து புரட்டாசிவரைதான். ஆடி முடிந்தாலே காலையில் இருட்டோடு எழுந்து ஏகாம்பரகுப்பம் பக்கம் நடந்து பழக ஆரம்பித்துவிடுவார். தறிக்கு ஆள் வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வருஷமும் அப்படித்தான் கிளம்பினோம். நைனாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரைகள் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தன. முதல் பந்தல், புத்தூருக்கு முன்னால் ஒரு அரிசி மில் வாசலில். அங்கே எப்போதும் தயிர்சோறும் மாங்காய் ஊறுகாயும்தான். இந்த வருஷம் யாரோ புதுப் பணக்காரர் செலவு போல, சர்க்கரைப் பொங்கலும் வைத்துவிட்டார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாதே. அம்மா நைனாவின் தட்டிலிருந்த பொங்கலை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, விரல் நுனியளவு மட்டும் அவருக்கு விட்டுவைத்தாள். நைனா அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"போன வருஷத்துக்கு இது எவ்ளவோ மேல்," என்றார்.

"போன வருஷம் பொங்கலே கெடையாது," என்றாள் அம்மா.

"அதத்தான் சொல்றன்."

என் மகளுக்கு அங்கே பிளக் கிடைக்கவில்லை. அவள் அந்தப் பந்தலைக் கடைசியில் தள்ளினாள். எனக்கு மில்லின் சுவர் கிடைத்தது. குளிர்ந்த சுவர். நான் அதை முதலில் வைத்தேன். நைனா எங்கள் தீர்ப்பு முடிவதற்குள் எழுந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

புத்தூரில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கு அந்த ஊர் பேர்போனது, அதனால் கால் உடைகிறதென்றால் இங்கேயே உடைத்துக்கொள்ளுங்கள், சௌகரியம் என்று ஊரைத் தாண்டும்போதெல்லாம் நைனா சொல்வார். இந்த வருஷமும் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

புத்தூர் தாண்டியதும் வெயில் பிடித்துக்கொண்டது. புரட்டாசி என்று பெயர்தான். சித்திரை மாதிரி காய்ந்தது. ரோட்டை அகலம் பண்ணியதில் ஓரத்துப் புளியமரங்கள் போய்விட்டன, புதுத் தார் கறுப்பாகப் பளபளத்தது. அந்த ரோட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். கறுப்பு சுடுகிற அளவுக்கு வெள்ளை சுடாது. அதனால் மதியத்தில் பார்த்தால், மஞ்சள் துணிக்காரர்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் கோட்டுமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். கோடு அழிந்த இடங்களில் துள்ளித் துள்ளி ஓடி, அடுத்த கோட்டில் ஏறி நின்று மூச்சு விடுவார்கள்.

கோட்டில் இடம் ஒருவருக்குத்தான். நைனா இறங்கிக் கறுப்பில் நடந்தார், என் மகளுக்குப் பக்கத்தில், பேசிக்கொண்டே.

"தாத்தா, கோட்டுக்கு வா. சுடும்."

"எனக்கு சுடல. நீ அதுல வா."

நானும் சொன்னேன். அவர் காலைத் தூக்கித் தூக்கி வைக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. வீட்டு நடையில் நடக்கிற மாதிரி சாவகாசமாக நடந்தார். பின்னால் வந்த கார்வேட்டிநகரத்துக் குடும்பம் ஒன்று அதைப் பார்த்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "இவருக்கு சாமி வந்து தாங்கறாரு. நம்ப காலுக்கு நெருப்பு, அவரு காலுக்குப் பூவு," என்றாள். எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை வெயிலிலும் அது குளிர்ந்துபோனது.

"எத்தினி வருஷமா நடக்கறாரு தெரிமா?" என்று ஆரம்பித்தாள். வடமாலப்பேட்டை வரைக்கும் அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். நைனா வெட்கப்பட்டுக்கொண்டு பத்தடி முன்னால் போனார். தாரின்மேல்தான் போனார்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது, வேறு என்ன சொல்வது. எனக்கும்தான். கொப்புளம் வந்த என் காலைக் கோட்டில் வைத்து வைத்து நடந்தபடி, இத்தனை வருஷம் நடந்த நடைக்கு அவருக்குச் சாமி ஏதோ கொடுத்திருக்கிறது என்று முழு மனசோடு நினைத்தேன். சுடவில்லை என்று ஒருவர் சொன்னால், சூடு இல்லை என்றோ சாமி இருக்கிறது என்றோ நினைக்கத் தெரிந்த எங்களுக்கு, மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வடமாலப்பேட்டைப் பந்தலில் நீர்மோர். இஞ்சி தூக்கல், உப்பு கம்மி. அன்றைக்கு ராத்திரி தங்கின கல்யாண மண்டபத்தில் உப்புமா. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் ஏழு பிளக் இருந்ததால் என் மகள் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தாள். நைனா குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வந்து துண்டை விரித்துப் படுத்தார், உடனே தூங்கிவிட்டார். நாங்கள் எல்லாரும் கோவிந்தா கோவிந்தா என்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தோம். அவர் காலைப் பிடித்துவிடுகிறேன் என்று நான் போனதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்ல, உன் அம்மாவுக்குப் புடி," என்றார்.

மறுநாள் காலையில் திருச்சானூர் நெருங்கும்போது ஒரு பந்தல் வந்தது. அது புதியது. போன வருஷம் இல்லை. வாசலிலேயே நல்ல டிகாக்ஷன் வாசனை. கெட்டியான செங்கல் சுவர். பிளக் வரிசையாக. அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டைல்ஸ் போட்டுக்கீறாங்க," என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெஞ்சு போட்டு, பெரிய பெரிய பேசின்களில் வெந்நீர் வைத்து, நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவி எண்ணெய் தடவிவிடுகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் நான்கு பேரும் ஒத்துப்போனோம். நைனா ஒருவர்தான், "மாமியார் வூடு," என்றார்.

"ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம் மாமா. அதோ மலையே தெரியுது," என்று என் கணவர் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், கீழே உட்கார்ந்து நைனாவின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினாள். கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, இக்கட ரண்டி," என்றாள். இங்கே வாருங்கள் என்று அவள் சொன்ன குரலைக் கேட்டு நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

பாதத்தின் அடி முழுவதும் ஒரே கொப்புளமாக எழும்பி, முன்பாதத்தில் உடைந்து, தோல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்பில் தார்ப்பொடியும் சின்னக் கல்லும். பெருவிரல் ஓரத்தில் ஏதோ கறுத்திருந்தது. அந்த அம்மாள் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

மேலே நைனா காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "காபி இங்கதான் மாப்ள. மத்தது எல்லாம் சுடுதண்ணி. நான் ஒத்துக்கறன்."

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படித்தான் நான் அங்கே நின்றேன். கத்தினால் பயந்துவிடுவார். கத்தாமலும் இருக்க முடியவில்லை. "நைனா, உனுக்கு வலிக்கலியா?" என்றுதான் கேட்டேன். நடையில் யாரும் கேட்கக் கூடாத வார்த்தை.

"எதுக்கு வலிக்கணும்?"

"கால் வெந்து போயிருக்குது நைனா. ரெண்டு காலும். ஆஸ்பத்திரிக்குப் போணும்."

அவர் சிரித்தார். "நல்லாத்தான் நடந்துக்கினு வரேன். உன் அம்மாளக் கேளு." கிளம்புகிறவராகக் காலை மடியிலிருந்து எடுக்கப் பார்த்தார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வலிக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். வலிக்காதவனிடம் எதைக் காட்டிக் கூப்பிடுவது? அவருடைய பாதத்தை அவரே பார்க்க முடியாது; குனிந்து திருப்பிப் பார்க்கிற அளவுக்கு இடுப்பு வளையாது. என் மகள்தான் போனில் படம் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நைனா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "அய்யோ பாவம். யாரு காலு இது?"

"உன்னுதுதான் தாத்தா," என்றாள் அவள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் மறுபடியும் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தார், அது நகர்ந்து நகர்ந்து போனது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது தெரிந்தது. பேத்தி பொய் சொல்ல மாட்டாள் என்பதும் தெரிந்திருக்கும். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத மாதிரி மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, என்று சொல்லலாமா? அடுத்த வருஷம், என்று சொல்லலாமா? எது சொன்னாலும் பொய்யாகப் பட்டது.

பந்தல்காரர்களே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். என் கணவரும் இன்னொருவரும் கைகோத்து அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கால் தரையில் படாமல் போனதில் அவருக்குக் கூச்சம். வண்டி கிளம்பியதும் டிரைவரின் தோளைத் தொட்டு, "அலிபிரிக்கு வுடுப்பா," என்றார், சாதாரணமாக. நான் ஆஸ்பத்திரி என்றேன். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி," என்று நான் மறுபடி சொன்னேன். நைனா என்னோடு வாதாடவில்லை. அது எனக்கு இன்னும் தாங்கவில்லை. வாதாடினால் கத்தியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். அவர் இரண்டு காலையும் முன்னால் நீட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்துக்கொண்டு, வழியில் நடந்து போகிற மஞ்சள் துணிக்காரர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர், தெலுங்குக்காரர், தமிழும் கொஞ்சம் வந்தது. புண்ணைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் கேள்விகளாகக் கேட்டார். நடக்கும்போது செருப்பு கழன்று போனால் இவருக்குத் தெரியுமா? அம்மா யோசித்தாள். போன தையிலிருந்து இரண்டு தடவை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறார், ஞாபக மறதி என்று திட்டினேன் என்றாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போயிருக்கும், எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் புண் ஆறியபின் தகுந்த செருப்போடு நடக்கலாம். சுத்தமாக இல்லையென்றால் இனிமேல் நீளமான நடையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். கறுத்த விரலை எடுக்க வேண்டியிருக்குமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் டாக்டர் எங்கள் அம்மாவிடம்தான் சொன்னார். ஆனால் நைனா அதே கட்டிலில்தான் படுத்திருந்தார்.

டாக்டர் ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்தார். அதன் முனையில் ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக நைனாவின் முன்கையில் அதைத் தொட்டார்.

"நைலான்," என்றார் நைனா உடனே. "மொத்தமான இழ."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரியா சொன்னீங்க. இப்ப கண்ண மூடிக்கோங்க. கால்ல தொடுவேன். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் சுற்றி நின்றோம். புண் இல்லாத இடமாகப் பார்த்து, டாக்டர் இழையை இரண்டாம் விரலின் அடியில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. நைனா ஒன்றும் சொல்லவில்லை. சுண்டுவிரலில் வைத்தார். பிறகு குதிகாலில். ஒவ்வொரு தடவையும் இழை நன்றாக வளைந்தது. நைனாவின் முகம் தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. நெற்றியைச் சுருக்கினார். மூச்சைப் பிடித்தார். எனக்கு அவருடைய தோளைத் தட்டி, இப்போ நைனா, இப்போ சொல்லு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இடது காலிலும் அப்படியே வைத்துப் பார்த்தார். அங்கேயும் இழை வளைந்ததுதான் மிச்சம்.

டாக்டர் இழையை ஓரத்துத் தட்டில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துத் தாளில் எழுத ஆரம்பித்தார்.

"தெரியுது," என்றார் நைனா.

டாக்டர் நிமிர்ந்தார்.

"இப்ப தெரியுது சார். பெருவெரல்ல. நல்லா தெரியுது." கண் இன்னும் மூடியே இருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இழை கிடந்த தட்டையும் பார்த்தாள், டாக்டர் கையிலிருந்த பேனாவையும் பார்த்தாள். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"தெரியுதாம் சார்," என்றாள். "எழுதிக்கோங்க."